கால்வாசி தூரம்

பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடிந்தபோது, எங்கள் தாழங்கரை ஊரில் மனிதர்கள் எல்லோரும் தாங்கள் இருக்கிற இடத்தைவிடக் கால்வாசி அருகில் தெரிய ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் மாறியது ஒன்றே ஒன்றுதான், தோணித்துறையில் மிதக்கும் டீசல் படலம். விசைப்படகுகள் சிந்திவிட்டுப் போகிற டீசல் தண்ணீருக்கு மேலே மெலிசாக விரிந்து, ஊதாவும் பச்சையும் தங்கமுமாக நெளிந்துகொண்டு கிடக்குமே, அது அன்று நிறம் செத்து வெறும் அழுக்காகக் கிடந்தது. அந்த நிறமெல்லாம் காற்றில் ஏறிவிட்டது என்றும், காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி ஊருக்கு மேலே ஏதோ ஒன்று மெலிசாகப் படிந்துவிட்டது என்றும் பிற்பாடு சிலர் சொன்னார்கள். சொன்னவர்களுக்கே அதில் பெரிய அக்கறை இல்லை, ஏனென்றால் துறையோர டீக்கடை ஞானசேகரன் அன்று நீட்டிய முதல் கிளாஸ், வாங்குகிறவர் கையில் சேராமல் காற்றில் விடப்பட்டு உடைந்ததிலிருந்து ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

நாலு முழம் தள்ளி நிற்பவர் மூன்று முழத்தில் தெரிந்தார், நாலு வீடு தள்ளி வருகிறவர் மூன்று வீடு தள்ளித் தெரிந்தார், இன்னும் தெருவில் நடந்துகொண்டிருக்கும் விருந்தாளி வாசலுக்குள் வந்து நிற்பதாகத் தெரிந்து, வீட்டுக்காரி வெறும் காற்றைப் பார்த்து வாங்க வாங்க என்று உபசரித்து, சொம்புத் தண்ணீரையும் நீட்டினாள். ஆடு மாடு மரம் வீடெல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. அவரவர் கைகாலும் அவரவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அடுத்தவர்தான் முன்னால் வந்தார். அவர் கையில் பிடித்திருந்தது அவரோடு சேர்ந்து வந்தது, காலடியில் இருந்தது அங்கேயே நின்றது. குரல் மட்டும் ஏமாற்றவில்லை. ஆள் பக்கத்தில் சிரிக்க, சிரிப்பு பின்னாலிருந்து வந்து சேர்ந்தது.

பத்து நாள் பதறினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எதையும் கொடுக்கும்போது கையை இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினார்கள், வாங்கும்போதும் இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினார்கள், இப்படி இரண்டு பக்கமும் தள்ளி நீட்டியதில் கை கையோடு உரசாமல் ஒரு தீப்பெட்டிகூட ஊரில் கைமாறவில்லை. சவரக்கடையில் முதலில் தலையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு அப்புறம் கத்தியை எடுத்தார்கள். சண்டைகள் குறைந்தன, ஓங்கி விட்ட அறை காற்றில் போய்விழ, அடித்தவன் இன்னும் இரண்டு எட்டு வைத்து அடிக்க வேண்டியிருந்தது, அந்த இரண்டு எட்டில் பாதிக் கோபம் போய்விட்டது, மீதியைச் சுற்றி நின்றவர்களின் சிரிப்பு தின்றுவிட்டது. ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து டிவி பார்க்கிற குடும்பங்கள் நெருங்கி உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது, அப்படித் தெரிந்ததே சிலருக்குப் போதுமாக இருந்தது. வெளியூரிலிருந்து கல்லூரிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். மூன்று கால் வைத்த கருவிகளில் பெரிய பெரிய லென்ஸ்களைப் பொருத்திப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் நுழைகிற வெளிச்சம் எப்படி வளைகிறதோ அப்படி உங்கள் ஊர்க் காற்றில் வளைகிறது, ஆனால் வளையக் கூடாது என்றார்கள். கூடாதென்று அதனிடம் யார் போய்ச் சொல்வது? சொல்ல ஆள் கிடைக்காமல் அவர்களும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

ஊரிலேயே அலட்டிக்கொள்ளாமல் இருந்தவர்கள் ஈட்டிக்காரர்கள்தான். தாழங்கரைக்கு எதிரே கடலும் ஆறும் கலந்து கிடக்கிற உப்பங்கழியில், தோணியின் முனையில் நின்றபடி மீனைக் கண்ணால் பார்த்து, ஈட்டியால் குத்திப் பிடிக்கிறவர்கள் அவர்கள். தண்ணீருக்குள் இருக்கும் கொடுவா மீன் எப்போதும் இருக்கிற ஆழத்தைவிட மேலேதான் தெரியும். தெரிகிற இடத்தில் குத்தினால் ஈட்டி மீனின் முதுகுக்கு மேலே போகும், தெரிகிற இடத்துக்கு அடியில் குத்தினால் மீன் வரும். இதைக் கண்ணுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கைக்குத்தான் பழக்க வேண்டும். அப்படிப் பழகிய கை உள்ளவர்களிலும், இது நீடித்த ஏழு மாதமும் ஞானசேகரன் கடையில் ஒரு கிளாஸ்கூடத் தவறவிடாத ஆள் ஒருவர் இருந்தார் என்றால் அது ஈட்டிக்காரர் பக்கிரிசாமிதான்.

அந்தப் பக்கிரிசாமி வீட்டில்தான் இந்த அதிசயம் குடியேறியது என்று சொல்ல வேண்டும்.

அவருக்கும் பவுனம்மாளுக்கும் ஒரே மகள், சுகந்தி. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் தோணியில் முன்னால் உட்கார்ந்து, மீனைக் கையால் காட்டிக்கொண்டே போனவள். வளர்ந்து, கழிக்கு அக்கரையில் இருக்கும் நெட்டோடையைச் சேர்ந்த கலையரசன் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். சாதி ஒன்றுதான், சாமியும் ஒன்றுதான். ஆனால் நெட்டோடைக்காரர்கள் வலை கட்டுகிறவர்கள். சாயங்காலம் ஓடையில் வலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி, காலையில் வந்து விழுந்ததை அள்ளிக்கொண்டு போகிறவர்கள்.

"கண்ணால பாக்காத மீனப் புடிக்கிறவன் ஒரு மீன்காரனா?" என்று பக்கிரிசாமி கேட்டார். "அவன் வீட்டு வாசல மிதிச்சா என் கால்ல புழு வைக்கட்டும். அவளா வந்தா வரட்டும். நான் போயிக் கூப்புட மாட்டேன்."

பவுனம்மாள் மட்டும் பாலத்தைச் சுற்றிப் போகிற பஸ்ஸைப் பிடித்து ஒரு தடவை போய் வந்தாள். சுகந்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், மீன் வறுத்துப் போட்டாள், எல்லாம் செய்துவிட்டு, "அப்பா வந்து கூப்புட்டாத்தாம்மா வருவேன். இல்லன்னா இந்த சென்மத்துல இல்ல," என்றாள். யார் மகள் அவள்? பவுனம்மாள் வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிச்சம் வளைந்தது. அன்று துறைக்குக் குடம் எடுத்துக்கொண்டு போன பவுனம்மாள், கழியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நெட்டோடை ஊரே தண்ணீருக்கு மேலே வந்திருந்தது. வீடுகள் அங்கேயே நிற்க, மனிதர்கள் மட்டும் கழியில் கால்வாசி தாண்டி வந்து, காலுக்குக் கீழே தரையில்லாமல், தண்ணீர் மேல் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கினார்கள், தண்ணீர் மேல் விளக்குமாற்றால் பெருக்கினார்கள், தண்ணீர் மேல் நின்று தலை சீவிக்கொண்டார்கள். இத்தனை நாளும் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தவர்களுக்கு இப்போது நடை இருந்தது. மஞ்சள் நைட்டியில் ஒருத்தி வலது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். பெற்றவளுக்கு அது போதும், குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் பவுனம்மாளுக்குத் துறையில் ஓயாமல் வேலை வந்தது. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள், கழுவிய குடத்தை மறுபடி கழுவினாள். சித்திரையில் மகள் வாந்தி எடுப்பதைப் பார்த்தாள். ஆனியில் பக்கவாட்டில் திரும்பி நின்றபோது வயிறு தெரிந்தது. இடையில் நுழைந்து போகும் தோணிக்காரர்களுக்கு, "அவ சாப்புட்டுக்கிட்டு இருக்காப்பா, கொஞ்சம் சுத்திப் போங்களேன்," என்று சொல்லிப் பார்ப்பாள். அங்கே யாரும் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இருந்தாலும் சுற்றிப் போனார்கள். நாளடைவில் அது ஊர் மரியாதையாகவே ஆகிவிட்டது. சாப்பிடுகிறவர்கள் நடுவிலும் குளிக்கிற பெண்கள் நடுவிலும் தாழங்கரைத் தோணி எதுவும் போவதில்லை. ஒரு நாள் பவுனம்மாள் யாரும் பார்க்காத நேரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மகளின் முகம் தெரிகிற பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். என்ன நினைத்து நீட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆசைக்குக் கணக்கா தெரியும்?

ஆவணியில் ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டிய மாதம். கண்ணாடி வளையல்களைப் பச்சையும் சிவப்புமாக வாங்கி வைத்துக்கொண்டு பவுனம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், அவர் ஈட்டிமுனையைப் பார்த்தார், மாதம் போய்விட்டது. அக்கரையில் மகளின் கை மொட்டையாகவே இருந்தது. தாய்வீட்டு வளையல் ஏறாமல் வேறு வளையல் ஏறாது என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். பக்கிரிசாமியும் துறைக்கு வராமல் இல்லை. ஈட்டியைத் தீட்டுகிற சாக்கில் வந்து உட்காருவார், கூரான ஈட்டியையே தீட்டிக்கொண்டிருப்பார், கழிப்பக்கம் முதுகைக் காட்டியே உட்காருவார், ஆனால் அவர் எதிரே ஒரு வாளித் தண்ணீர் இருக்கும், அந்தத் தண்ணீரில் கழி தெரியும்.

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் மாதமும் வந்தபோது பவுனம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. மகள் இப்போது இடுப்பில் கையை ஊன்றித்தான் நடந்தாள். இரண்டு மூன்று நாள் கண்ணிலேயே படவில்லை. மறுபடி தெரிந்த அன்று காலை பவுனம்மாள் நேராகப் போய் அவர் எதிரே இருந்த வாளியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள்.

"ஏங்க, திரும்பித்தான் பாருங்களேன். அவ கால்வாசித் தண்ணி தாண்டி வந்து நிக்கிறா. நெறமாசப் புள்ள. இதுக்கு மேல அவ எப்புடி வருவா?"

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருக்கும், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தாண்டி வந்திருக்காளா?" என்றார்.

"பாக்குறீங்கல்ல?"

"ஆமா, வந்துதான் நிக்கிறா," என்றார். "அப்ப அவதான் மொதல்ல வந்தா. நான் இல்ல. ஞானசேகரா, நீயும் பாத்துக்க, அவதான் மொதல்ல வந்தா."

ஊரில் எவன் இதைச் சொல்லியிருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நாற்பது வருஷமாகத் தெரிகிற இடத்தை நம்பாமல் பிழைத்த மனிதர், ஒரு டீ கிளாஸைக்கூடத் தவறவிடாதவர், மகள் தெரிகிற இடத்தில்தான் மகள் நிற்கிறாள் என்று சத்தியம் செய்கிறார். டீக்கடையில் அத்தனை பேரும் வாயை இறுக்கிக்கொண்டோம். ஞானசேகரன் மட்டும், "அவதாண்ணே. நான்கூடக் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பாதித் தண்ணிக்கே வந்துருவா போலருக்கு," என்றான். இப்படி ஒரு பொய்யை அத்தனை அக்கறையாக அவன் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

நல்ல நேரம் பார்க்கக்கூட விடாமல் பவுனம்மாள் வளையல்களை ஒரு துண்டில் முடிந்து அவர் தோளில் போட்டாள். தானும் போனால் கூப்பிடுகிற வேலையைத் தன் தலையில் கட்டிவிடுவார் என்று தெரிந்து, கரையிலேயே நின்றுகொண்டாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. பக்கிரிசாமி மூங்கில் கோலை ஊன்றித் தோணியைத் தள்ளினார்.

மகள் நிற்கிற இடம்வரை போவது, அதற்கு மேல் ஒரு சாண்கூடப் போகாமல் கூப்பிடுவது, இதுதான் அவர் கணக்கு. மகள் தெரிந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, மகள் இன்னும் தள்ளித் தெரிந்தாள். சரி, இவ்வளவு வந்தாயிற்று, அந்த இடம்வரை போவோம் என்று போனார், அவள் அதற்கும் தள்ளித் தெரிந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தானே என்று கோலை ஊன்றினார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகவே அவரைக் கழியின் முக்கால்வாசிக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டது அந்த வெளிச்சம்.

அக்கரையில் நடந்தது எங்களுக்குப் பிற்பாடு கலையரசன் சொல்லித்தான் தெரியும். அங்கே சுகந்தி பார்த்தபோது, அப்பா தன் தோணியையே பின்னால் விட்டுவிட்டு, வெறும் கோலோடு தண்ணீர் மேல் நின்றபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். "எங்கப்பா மொதல்ல எறங்கி வந்துட்டாரு," என்று அவள் தெருவெல்லாம் கேட்கச் சொன்னாளாம். அவளும் ஈட்டிக்காரர் மகள்தான், அவளுக்கும் கணக்குத் தெரியும். அதையெல்லாம் யார் அன்றைக்குப் பார்த்தார்கள்?

அப்போது மழை விழுந்தது. முதல் தூறல்தான். பக்கிரிசாமியின் கோலைச் சுற்றி, ஏதோ விசைப்படகு சிந்தியிருந்த டீசலில், ஏழு மாதமாகச் செத்துக் கிடந்த நிறம் திரும்ப வந்து ஊதாவும் பச்சையும் தங்கமுமாக விரிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது சுகந்தி அங்கே இல்லை. தள்ளிப் போய், சின்னதாகி, நெட்டோடைக் கரையில் ஊரோடு ஊராக நின்றாள்.

இக்கரையில் பவுனம்மாளும் பார்த்தாள். மகளும் புருஷனும் ஒரே நொடியில் அவளைவிட்டு விலகிப் போனார்கள். பக்கத்தில் நின்ற நாங்களும் அவளைவிட்டு ஓர் எட்டு தள்ளிப் போனோம். இத்தனை நாள் கிட்டே கிட்டே பார்த்துப் பழகிவிட்ட எங்களுக்கு, அந்த ஒரு நொடியில் எல்லோரும் எல்லோரையும் விட்டுப் போய்விட்ட மாதிரி ஆகிவிட்டது. இதற்கு முன்னால் இவ்வளவு தூரத்தில்தான் வாழ்ந்தோமா என்று இருந்தது. "நிக்காதீங்க, திரும்பாதீங்க!" என்று பவுனம்மாள் கத்தினாள். அவள் குரல் கழியில் பாதிகூடப் போகவில்லை.

பக்கிரிசாமி கோலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கூப்பிட வந்த இடத்தில் மகள் பின்வாங்கிவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. விஷயம் தெரிந்தவர்தான், ஆனாலும் கண் பார்த்ததை மனசு முதலில் நம்பிவிடுகிறது. அங்கே சுகந்திக்கும் அதேதான். அப்பா சட்டென்று பின்னால் போய்த் தோணிக்குள் நின்றார். "திரும்பிட்டாருடா," என்றாள் புருஷனிடம். சொன்னவள் அழவில்லை. மஞ்சள் நைட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு தண்ணீரில் இறங்கினாள். "ஏ, ஏ, வழுக்கும்டி!" என்று கலையரசன் பின்னாலேயே பாய்ந்தான்.

பக்கிரிசாமிக்கு மகளின் முகம் தெரியவில்லை, மழை மறைத்தது. ஏழு மாதமாகத் தண்ணீர் மேல் அத்தனை பேர் நடந்தும் பெருக்கியும் குளித்தும் ஒருவர் காலடியிலும் ஓர் அலைகூட எழவில்லை. இப்போது அந்த மஞ்சள் நிறத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக அலை புறப்பட்டு, தூறல் போடுகிற சின்ன வட்டங்களையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. தண்ணீரைப் படித்தே பிழைத்தவருக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோலை ஊன்றினார். அதற்கப்புறம் குறைந்த தூரமெல்லாம் நிஜமாகவே குறைந்தது.

யார் முதலில் வந்தது என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. சுகந்தியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அவளும் ஒரு கட்சி சேர்ந்துகொண்டு பேசுகிறாள். ஊருக்கு மிஞ்சியது எங்கள் கைப்பழக்கம் ஒன்றுதான். வெளிச்சம் சரியாகிவிட்டாலும் கைகளுக்கு அது தெரியவில்லை. ஞானசேகரன் நீட்டிய கிளாஸ் ஆளின் நெஞ்சில் போய் முட்டிச் சட்டையெல்லாம் டீ ஆனது. தோளைத் தட்டப் போன கைகள் கழுத்தைச் சுற்றின. கன்னத்தைத் தடவப் போன கைகள் தலைக்குப் பின்னால் போய் நின்றன. அந்த ஐப்பசி முழுக்க நாங்கள் ஒருவரையொருவர் தெரியாமல் கட்டிக்கொண்டே இருந்தோம்.

பக்கிரிசாமிக்கும் அதுதான் நடந்தது. தோணி கிட்டே போனபோது சுகந்தி தொடையளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றாள், பின்னால் இருந்து கலையரசன் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான். "ஏறு, வீட்டுக்குப் போவோம்," என்று மட்டும்தான் பக்கிரிசாமி சொன்னார், அதையும் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். தூக்கிவிடுவதற்காகக் கையை நீட்டினார். மகளின் விரலைப் பிடிக்கத்தான் நீட்டினார், அதற்கு மேல் அவருக்கு உத்தேசமில்லை. ஆனால் தெரிகிற இடத்தைத் தாண்டியே போய்ப் பழகிய அந்தக் கை, விரலைத் தாண்டி, மொட்டையான மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டிப் போய் மகளின் முதுகில் விழுந்தது. குனிந்த வாக்கில் தோளிலிருந்த துண்டு சரிந்து, அதில் முடிந்திருந்த கண்ணாடி வளையல்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக் கலகலத்தன. கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. பக்கிரிசாமி இழுத்துக்கொள்ளவில்லை.